அபூர்வம் என்றொரு பொய்

"உங்க வீட்டுல இந்தக் காசு இருக்கா? அப்ப நீங்கதான் அடுத்த லட்சாதிபதி!"

கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் தமிழர்களில் இந்த வரியைத் தாண்டி வராதவர் குறைவு. டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு, 786 என்று முடியும் நோட்டு, 2012இல் வெளிவந்த வைஷ்ணோதேவி உருவம் பொறித்த 5, 10 ரூபாய் நாணயங்கள் என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று வாய்க்கு வந்த விலை. "ஆன்லைன் ஏலத்தில் போட்டால் போதும்" என்று முடிப்பார்கள். யார் வாங்கினார், எந்த ஏலத்தில், எந்தத் தேதியில் என்று ஒரு சான்றும் இருக்காது. காசு யாருக்குக் கிடைத்ததோ இல்லையோ, பார்வைகள் கிடைத்துவிடும்.

சும்மா பொழுதுபோக்குதானே, விட்டுத் தள்ளலாம் என்று தோன்றலாம். தள்ள முடியாது. இந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்ப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பணம் இருப்பவன் கவிழ்ப்பதில்லை. மாசக் கடைசியில் வட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர், ஓய்வூதியம் இல்லாமல் வயதானவர் ஆகியோர்தான் காசைப் படமெடுத்து, அதில் சொன்ன எண்ணுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள். மறுநாள் அழைப்பு வரும். "சார், உங்க காசு செலக்ட் ஆயிடுச்சு. ஏழு லட்சம். பதிவுக் கட்டணம் மட்டும் கட்டிடுங்க." அதைக் கட்டினால் அடுத்து வரி. அதையும் கட்டினால் ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கட்டணம், முத்திரையோடு ஒரு கடிதம். கட்டக் கட்ட ஏழு லட்சம் தள்ளித் தள்ளிப் போகும். கடைசியில் அந்த எண் அணைந்துவிடும்.

இது நடப்பது ரிசர்வ் வங்கிக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் அது ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயங்களை இணையத்தில் வாங்கவும் விற்கவும் எங்கள் பெயரையும் சின்னத்தையும் காட்டிச் சிலர் கட்டணம், தரகு, வரி கேட்கிறார்கள். நாங்கள் இந்த வேலையில் இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்பதுதான் அதன் சாரம். அந்த அறிவிப்பை எத்தனை பேர் படித்தார்கள்? அதே வாரத்திலும் "லட்சாதிபதி" செய்திகள் நிற்கவில்லை.

இந்த மோசடியைத் திட்டுவது எளிது. மோசடிக்காரனைத் திட்டிவிட்டு, "ஒழுங்கான ஏலத் தளங்கள் வேற, இது வேற" என்று நல்ல பிள்ளையாக எழுந்து போய்விடலாம். அந்தப் பிரிவினையைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். வாட்ஸ்ஆப் திருடனும், கோட்டு சூட்டு போட்ட சில ஏலக்காரர்களும் விற்கும் சரக்கு ஒன்றுதான்: சான்று இல்லாத கதை. காசு அந்தக் கதையைச் சுற்றித் தரும் பொட்டலம்.

முதலில் அடிப்படைப் பொய்யைப் பார்ப்போம். "பழசு என்றால் விலை." கிடையாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் சாதாரண வெண்கலக் காசு, ஆயிரத்து எழுநூறு வருடப் பழசு, இன்று இணைய ஏலத்தில் ஐந்து, பத்து டாலருக்குக் கிடைக்கும். நல்ல ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிடும் காசு. ஏன்? அன்று மலைபோல அடித்துத் தள்ளினார்கள், மண்ணிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பக்கம் 1933ஆம் ஆண்டு அமெரிக்க 20 டாலர் தங்கக் காசைப் பாருங்கள். நம் தாத்தா காலத்து வயசுதான். 4,45,500 காசுகள் அடித்தார்கள். ஆனால் அந்த வருடமே ரூஸ்வெல்ட் தங்கத்தைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டதால் அவை வெளியிடப்படவில்லை, உருக்கப்பட்டன. தப்பியவற்றில் தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய காசு ஒன்றே ஒன்று. அது 2021 ஜூனில் நியூயார்க்கில் சோத்பி ஏலத்தில் 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. ஆக, வயசு விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

இன்னொரு பொய், "காசில் இருக்கும் வருடம்தான் காசின் வயது." மரியா தெரேசா தாலர் என்று ஒரு பெரிய வெள்ளிக் காசு உண்டு. ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா இறந்த 1780ஆம் ஆண்டுதான் அதில் இருக்கும். ஆனால் எத்தியோப்பியாவிலும் அரேபியாவிலும் வியாபாரிகள் அந்த முகத்தைத்தான் நம்பினார்கள் என்பதால், அதே 1780ஐப் போட்டு அதற்குப் பிறகு இருநூறு வருடங்களுக்கும் மேலாக அடித்தார்கள். வியன்னாவில், ரோமில், லண்டனில், இரண்டாம் உலகப்போர் நேரத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையிலும்கூட. ஆக "1780 ஒரிஜினல், மிக அரியது" என்று ஒருவர் இணையத்தில் விற்றால், அது உங்கள் பாட்டியைவிட இளையதாகவும் இருக்கலாம். காசு கள்ளமில்லை. அதைப் பற்றிய வாக்கியம்தான் கள்ளம்.

இதையும் தாண்டியது நம்மூர்ச் சரக்கு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன், இன்னொரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1616 என்றோ 1818 என்றோ வருடம். கம்பெனி இப்படி எதையும் நாணயமாக வெளியிட்டதில்லை. பின்னால் யாரோ அடித்த வில்லைகள் இவை. இவற்றுக்குத்தான் "காந்த சக்தி இருக்கு, அரிசியை இழுக்கும்" என்ற கதை. "ரைஸ் புல்லர்", "இரிடியம்" என்று தமிழ்நாட்டில் எத்தனை வழக்குகள், எத்தனை குடும்பங்கள் நிலத்தை விற்றுப் பணம் கொடுத்தன என்பதை நாளிதழ் படிப்பவர்கள் அறிவார்கள். கேட்டால் சிரிப்பு வரும். பணம் கொடுத்தவருக்கு வராது.

சரி, படித்தவர்கள் நடத்தும் ஒழுங்கான ஏலம்? அங்கே அரிசி இழுக்காதுதான். ஆனால் அங்கேயும் ஒரு வார்த்தை சக்கைப்போடு போடுகிறது: "ரேர்". எந்த ஏலத் தளத்தையும் திறந்து பழைய வெளிநாட்டுக் காசு என்று தேடிப் பாருங்கள். பத்தில் எட்டு "ரேர்". கோடிக்கணக்கில் அடித்த காசு "ரேர்". மூக்கும் முகமும் தேய்ந்த காசு "அதி ரேர்". ஒரே காசை ஒருவர் 80 ரூபாய்க்கும் இன்னொருவர் 80,000 ரூபாய்க்கும் போட்டிருப்பார். 80,000 போட்டவரின் பக்கத்தை வருடக்கணக்கில் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்தைத்தான் படமெடுத்து, "பாருங்க, ஆன்லைன்ல எம்பதாயிரம் போகுது" என்று காணொளி போடுவார்கள். கேட்ட விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் இந்த மொத்த வியாபாரமும் பிழைக்கிறது. விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டும் வசதி பெரிய தளங்களில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. அதைச் செய்தால் பாதிக் கனவு அங்கேயே கலைந்துவிடும்.

விற்ற விலையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஏலம் கேட்பவர்களின் பெயர்களைத் தளங்கள் நட்சத்திரக் குறி போட்டு மறைக்கின்றன. விற்பவரின் மச்சானே உள்ளே புகுந்து விலையை ஏற்றினால் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. விதிகளில் தடை உண்டு, கண்டுபிடிப்பது கஷ்டம். இதற்கு மேல் வாங்குபவரிடம் தரகு, விற்பவரிடம் தரகு, அனுப்பும் செலவு. "பத்தாயிரத்துக்குப் போச்சு" என்று கேள்விப்படுகிற காசில் விற்றவர் கைக்கு என்ன வந்தது என்பது வேறு கணக்கு.

இதெல்லாம் சில்லறைக்காரர்களின் வேலை, உச்சியில் இருப்பவர்கள் அப்படி இல்லை என்பீர்களா? உச்சிக்கே போவோம்.

ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ், அந்தக் கொலையைக் கொண்டாடி ஒரு காசு அடித்தான். ஒரு பக்கம் அவன் முகம். மறுபக்கம் இரண்டு குறுவாள்கள், நடுவில் விடுதலையான அடிமை அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த மார்ச் 15ஐக் குறிக்கும் எழுத்துகள். வெள்ளியில் பல உண்டு, தங்கத்தில் கைவிரல்கூடத் தேவைப்படாத எண்ணிக்கை. அதில் ஒன்று 2020 அக்டோபரில் லண்டனின் ரோமா நியூமிஸ்மாட்டிக்ஸ் நிறுவன ஏலத்தில் வந்தது. ஒரு பிரபுவின் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று பட்டியலில் போட்டார்கள். 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. உலகப் பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. 2023 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் உரிமையாளர் நியூயார்க்கில் கைது செய்யப்பட்டார். பிரபுவின் கதை பொய் என்பது வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச்சில் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

வாட்ஸ்ஆப்காரன் ரிசர்வ் வங்கியின் பெயரில் பொய்க் கடிதம் காட்டினான். இவர்கள் பிரபுவின் பெயரில் பொய்ப் பூர்வீகம் காட்டினார்கள். தாளின் தரம் மட்டும்தான் வித்தியாசம். இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். கோடீஸ்வரன் ஏமாந்தபோது அமெரிக்க அரசு வழக்கறிஞர் வந்தார், காசு ஊர் திரும்பியது. ஏழு லட்சத்தை நம்பி நகையை அடகு வைத்தவருக்கு யார் வந்தார்?

இப்போது நம் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் வலிப்பது இங்கேதான்.

தஞ்சாவூர், ராமநாதபுரம், புதுக்கோட்டை, செட்டிநாடு ஆகிய பகுதிகளில் பல பழைய வீடுகளில் வெளிநாட்டுக் காசு கிடைக்கும். மலாயாவின் சதுர வடிவ ஒரு சென்ட், ஆறாம் ஜார்ஜ் முகத்தோடு. இலங்கையின் மூலை மழுங்கிய சதுர ஐந்து சென்ட், பூவிதழ் போல ஓரம் நெளிந்த பத்து சென்ட். சிங்கப்பூர், பினாங்கு புழங்கிய நீரிணைக் குடியிருப்புகளின் வெள்ளிக் காசுகள். ஜப்பான்காரன் 1942இலிருந்து 1945 வரை மலாயாவில் அடித்துத் தள்ளிய, வாழை மரம் போட்ட பத்து டாலர் நோட்டு. இவை எல்லாம் ரஜூலா போன்ற கப்பல்களில், இடுப்புப் பையிலும் தகரப் பெட்டியிலும் வந்தவை. ரப்பர் தோட்டத்துக் கூலி, வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் என்று ஒவ்வொரு காசுக்கும் பின்னால் ஓர் உடம்பு இருக்கிறது.

ஏலத் தளத்தில் இவற்றின் கதி என்ன தெரியுமா? கிலோ கணக்கு. "பழைய உலக நாணயங்கள், கலவை, ஒரு கிலோ." மலாயா சதுரக் காசு கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது, சாதாரண நிலையில் அதற்குப் பெரிய விலை இல்லை. வாழை மர நோட்டு ஜப்பான் சரணடைந்த அன்றே வெற்றுத் தாள், இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. சந்தையின் பார்வையில் அது நியாயம்தான், நான் சந்தையோடு சண்டைக்குப் போகவில்லை. என் சண்டை இதுதான்: இந்தக் காசுகளைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒரே விஷயம், இதை யார், எப்போது, எங்கிருந்து கொண்டுவந்தார் என்பது, அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும். பொய்க் கதைக்கு லட்சம் கேட்கிற உலகத்தில், அந்த உண்மைக் கதையை ஒரு துண்டுத் தாளில்கூட எழுதாமல் காசைக் கிலோவுக்குத் தள்ளிவிடுகிறோம்.

சயாம் மரண ரயில் பாதையில் செத்த தமிழர்கள் எத்தனை பேர் என்பதற்கே முழுப் பட்டியல் இல்லாத சமூகம் நாம். 1964இல் பர்மிய அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தது. அந்தக் காலத்தில்தான் நம் மக்கள் சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அந்த வாழ்க்கைகளைப் பற்றி அரசாங்கக் கோப்புகள் சொல்வது கொஞ்சம். ஒரு பெட்டியில் மிஞ்சிய நோட்டும், "இது உங்க தாத்தா ரங்கூன்ல வாங்குன கடைசிச் சம்பளம்" என்ற ஒரு வாக்கியமும் அந்தக் கோப்புகளில் இல்லாத ஆவணம். நோட்டை விற்றால் நோட்டு எங்காவது இருக்கும். வாக்கியம் போய்விடும்.

எதிர்த்தரப்புக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மை இல்லை. "வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் இல்லையென்றால் பாதிக் காசு உருகிப் போயிருக்கும்" என்பார்கள். உண்மை. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சங்க காலக் காசுகளும் ரோமக் காசுகளும் எத்தனையோ பழைய இரும்புக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் போய் அழிந்திருக்கும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் வியாபாரிகளிடமிருந்து தேடித் தேடி வாங்கினார்கள். "பெருவழுதி" என்று தமிழி எழுத்தில் பொறித்த பாண்டியக் காசை அவர் வாசித்து வெளியிட்டபோது, இலக்கியத்தில் மட்டும் இருந்த ஒரு பெயர் உலோகத்தில் வந்து நின்றது. மாக்கோதை, கொல்லிப்புறை காசுகளும் அப்படித்தான் வரலாற்றுக்குள் வந்தன. இதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அவர் செய்தது என்ன? காசை வாசித்தார், எடை, அளவு, உலோகம் எல்லாம் குறித்தார், புத்தகம் போட்டார், அறிஞர்கள் மறுக்கவும் ஏற்கவும் வழி வைத்தார். வாங்கியது முதல் படி, பதிவு செய்ததுதான் பணி. இன்று "நாங்களும் வரலாற்றைக் காப்பாத்துறோம்" என்று மார்தட்டும் எத்தனை ஏலப் பதிவுகளில் அது இருக்கிறது? "சங்க காலம், செம்பு, ரேர், உடனே வாங்கவும்." எந்த ஆறு, எந்த ஊர், கூட என்ன கிடைத்தது, ஒரு வார்த்தை கிடையாது. வேண்டுமென்றேதான் கிடையாது. கிடைத்த இடத்தைச் சொன்னால் சட்டம் வந்து கதவைத் தட்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும், தனியார் அதை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. இது தெரியாமல் தாத்தாவின் விக்டோரியா ரூபாயை ஜெர்மனிக்காரருக்குக் கூரியரில் அனுப்பக் கிளம்பும் பையன்களுக்கு எந்தக் காணொளியும் இதைச் சொல்வதில்லை.

அப்படியானால் விற்கவே கூடாதா? தாராளமாக விற்கலாம். வறுமையில் இருப்பவரிடம் "இது பாரம்பரியம், வைத்துக்கொள்" என்று உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை? ஏமாறாமல் விற்க வேண்டும், எழுதிவைத்துவிட்டு விற்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

விற்கும் முன் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். பளபளப்பாக்கினால் சேகரிப்பாளர் கண்ணில் அதன் மதிப்பு விழுந்துவிடும். பல பத்தாண்டுகள் படிந்த நிறத்தைத்தான் அவர் தேடுகிறார். வெள்ளி ரூபாய் என்றால் வருடத்தைப் பாருங்கள். 1939 வரை பதினொன்றே முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவான எடையில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, 1940இலிருந்து பாதிதான் வெள்ளி, 1947இல் வெறும் நிக்கல். இது தெரிந்தால் நகைக்கடைக்காரர் சொல்லும் விலை சரியா என்று நீங்களே கணக்குப் போடலாம். இரண்டு பக்கமும் படமெடுங்கள், எடையைக் குறியுங்கள், விற்ற விலைகளைத் தேடுங்கள். விற்பதற்கு முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், எந்த முத்திரை காட்டினாலும், அழைப்பைத் துண்டியுங்கள். வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். விற்கிறவர் எதற்குத் தர வேண்டும்?

பிறகு ஒரு தாள் எடுங்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கேளுங்கள்: "அப்பத்தா, இது யாரு கொண்டு வந்தது? எந்த ஊரு? எந்த வருஷம் இருக்கும்?" அவர் சொல்வதை அப்படியே எழுதி, தேதி போட்டு, காசின் படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது ஒரு பிரதி காசோடு போகட்டும், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். இதனால் விலை பத்து ரூபாய்கூடக் கூடாமல் போகலாம். பிரபுவின் பெயர் போட்ட பொய்த் தாளுக்கு 32 லட்சம் பவுண்டு கொடுத்த சந்தை, அப்பத்தாவின் உண்மைத் தாளுக்கு ஒன்றும் தராது. தராவிட்டால் போகட்டும். அந்தத் தாளை நாம் சந்தைக்காக எழுதவில்லை.

அடுத்த முறை "உங்க வீட்டுல இந்தக் காசு இருக்கா?" என்று கேட்டு ஒரு காணொளி வந்தால், அதைக் குடும்பக் குழுவில் தள்ளிவிடும் சித்தப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யாரு சித்தப்பா வாங்குனது, எப்ப வாங்குனாங்க?" பதில் வராது. ஆனால் அடுத்த முறை அனுப்புவதற்கு முன் அவர் கொஞ்சம் யோசிப்பார்.